காகிதப் பை விளக்கு ஒண்ணு 8 டாலர்: லாபமா, நஷ்டமா? ஒரு ஹாலோவீன் காஸ்டிங் பாடம்



சைடு இன்கம் வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "மேடம், எனக்குக் கைவேலை நல்லா வரும். சாயங்காலம் வீட்ல செஞ்சு வித்தா மாசம் கொஞ்சம் காசு பார்க்கலாம்ல?"

பார்க்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியணும். ஒண்ணு, அந்தப் பொருளோட உண்மையான விலை என்ன? ரெண்டு, அதை விக்க எனக்கு அனுமதி இருக்கா? இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்க ஒரு சிஏவான நானே மறந்துட்டேன். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன். நடுவுல ஒரு அழகான விளக்கு செய்யவும் கத்துக்கலாம்.

40 விளக்கு, 320 டாலர்

என் தங்கச்சி அமெரிக்காவுல, நியூ ஜெர்சியில எடிசன் ஊர்ல இருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவ. இப்ப அவ வீட்டுக்காரர் எச்-1பி விசா, அவ எச்-4. நாலு வருஷமா வீட்லதான் இருக்கா.

2025 அக்டோபர்ல ஒரு மாசம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு நாள் போன்ல குதிச்சா. "அக்கா, எனக்கு ஆர்டர் வந்திருக்கு! ஹாலோவீனுக்கு நான் தைச்சு வெச்சிருந்த காகிதப் பை விளக்கைப் பக்கத்து பிளாக் அம்மா பார்த்தாங்க. 40 வேணுமாம், ஒண்ணுக்கு 8 டாலர் தராங்களாம்!"

40 இன்டு 8, 320 டாலர். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "சூப்பர்டி, ஒத்துக்கோ. இப்படித்தான் ஆரம்பிக்கணும்"னு சொல்லிட்டேன். இதுதான் என் தப்பு. ஏன் தப்புன்னு பின்னாடி சொல்றேன்.

அது என்ன விளக்கு?

ஹாலோவீன் அக்டோபர் 31-ஆம் தேதி வரும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துல டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு உள்ள விளக்கு வைப்பாங்க. அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறினவங்க கையில பெரிய பூசணிக்காய் கிடைச்சது, பழக்கம் அதுக்கு மாறிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் பசங்க வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா மிட்டாய் கேட்டு வருவாங்க. வாசல்ல விளக்கு எரிஞ்சா, "எங்க வீட்டுக்கு வரலாம்"னு அர்த்தம்.

காகிதப் பைக்குள்ள மணலைப் போட்டு விளக்கு வைக்கிறது நியூ மெக்ஸிகோ மாநிலத்துல கிறிஸ்துமஸ் பழக்கம். அதோட ஹாலோவீன் வடிவத்தைத்தான் இப்ப நிறைய வீடுகள்ல பார்க்கறோம். சாதாரணமா பையில பேய் முகத்தை வெட்டி எடுப்பாங்க. என் தங்கச்சி வெட்டாம, ஊசி நூலால எம்ப்ராய்டரி போட்டா. பகல்ல நூல் டிசைன் தெரியும். ராத்திரி விளக்கு ஏத்தினா ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணும் சின்னச் சின்ன ஒளிப்புள்ளியா தெரியும். அதுதான் இதோட அழகு.

ஒரு துணுக்கு: இந்தப் பை நிமிர்ந்து நிக்கறதே அடிப்பாகம் தட்டையா இருக்கறதாலதான். தட்டை அடிப் பையை மெஷின்ல செய்யற வழியைக் கண்டுபிடிச்சவங்க மார்கரெட் நைட்னு ஒரு அமெரிக்கப் பெண். அவங்க மெஷினைப் பார்த்துட்டு வேற ஒருத்தர் தன் பேர்ல காப்புரிமை எடுக்கப் பார்த்தார். அவங்க வழக்குப் போட்டு, தன்னோட வரைபடங்களையும் குறிப்புகளையும் காட்டி ஜெயிச்சு, 1871-ல காப்புரிமை வாங்கினாங்க. கைவேலை செய்யறவங்க நோட்டுல எழுதி வைக்கணும்னு நான் கத்தறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

செய்முறை

முதல் தடவைக்கு சிலந்தி வலை டிசைன் எடுங்க. புள்ளி வெச்சு இழை இழுக்கற வேலைதான். மார்கழியில அம்மாகூட வாசல்ல உட்கார்ந்திருந்தா பாதி பாடம் முடிஞ்ச மாதிரி.

தேவையானவை: மதியச் சாப்பாடு கொண்டு போற அளவு பழுப்புக் காகிதப் பை (சுமார் 13 செ.மீ. அகலம், 27 செ.மீ. உயரம்), எம்ப்ராய்டரி நூல், ஊசி, ஒரு தடிமனான குண்டூசி, மடிச்ச துண்டு, டிரேசிங் பேப்பர், டேப், பசை, மணல், பேட்டரியில எரியற சின்ன எல்இடி விளக்கு.

1. டிரேசிங் பேப்பர்ல டிசைன் வரைங்க. நடுவுல ஒரு புள்ளி. அதிலிருந்து 8 திசையில கோடு, ஒவ்வொண்ணும் 5 செ.மீ. நீளம். ஒவ்வொரு கோட்டுலயும் சம இடைவெளியில 4 புள்ளி. நடுப்புள்ளியோட சேர்த்து மொத்தம் 33.

2. பையோட வாய்ப்பக்கம் 4 செ.மீ. விட்டுட்டு, மேல் பாதியில டிசைனை லேசா டேப் போட்டு ஒட்டுங்க. கீழ ஒட்டினா தைக்கறப்ப கை உள்ள எட்டாது. நாங்க முதல் பையில இதைத்தான் பண்ணினோம், கிழிஞ்சுது.

3. பைக்குள்ள மடிச்ச துண்டை வைங்க. குண்டூசியால புள்ளி புள்ளியா குத்துங்க. துண்டு இருந்தா முன்பக்கம் மட்டும்தான் ஓட்டை விழும். முதல்ல குத்திட்டு அப்புறம் தைக்கறது ரொம்ப முக்கியம். ஊசியாலயே குத்திக்கிட்டே தைச்சா காகிதம் கசங்கும், வரிசை கோணும்.

4. எம்ப்ராய்டரி நூல்ல 6 இழை இருக்கும். அதைப் பிரிச்சு 3 இழை மட்டும் எடுங்க. முழுசா கோத்தா ஓட்டை பெருசாகிக் கிழியும்.

5. முடிச்சுப் போடாதீங்க. காகிதத்துல முடிச்சு ஓட்டை வழியா வெளிய வந்துடும். நூல் நுனியை உள்பக்கம் சின்ன டேப்பால ஒட்டுங்க. டேப் பெருசா இருந்தா விளக்கு எரியறப்ப சதுரமா நிழல் விழும்.

6. பின்தையல் போடுங்க. முதல்ல 8 கோடு, அப்புறம் புள்ளிகளைச் சுத்தி இணைச்சு வளையம். துணியை இழுக்கற மாதிரி இழுக்கக் கூடாது. நூல் காகிதத்து மேல படிஞ்சா போதும்.

7. உள்பக்கம் டிசைனுக்குப் பின்னாடி டிரேசிங் பேப்பர் துண்டு ஒண்ணைப் பசை போட்டு ஒட்டுங்க. பல்பு நேரா கண்ணுல அடிக்காது, வெளிச்சம் பரவும்.

8. வாய்ப்பக்கத்தை வெளிய ஒரு மடிப்பு மடிங்க. பை விறைப்பா நிக்கும். அடியில ஒரு கப் மணல், மேல விளக்கு.

நிஜ மெழுகுவத்தி வேண்டாம். காகிதம், நூல், ஓடி வர்ற பசங்க, காத்து, இது நாலும் ஒரே இடத்துல இருக்கு. எல்இடி விளக்குலயும் ஒரு எச்சரிக்கை: பெரும்பாலும் பட்டன் பேட்டரிதான் இருக்கும். குழந்தை அதை விழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டைக்குழாய் வெந்து போற ஆபத்து இருக்கு. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடற மாதிரி இருக்கற விளக்கா பார்த்து வாங்குங்க.

இப்ப கணக்கு: தங்கச்சி போட்டது

நான் போய் இறங்கின ரெண்டாவது நாள் ரெண்டு பேரும் சமையல் மேடையில நோட்டைத் திறந்தோம். அவ கடை பில்லை வெச்சு எழுதியிருந்த கணக்கு இது, ஒரு விளக்குக்கு:

- பை: 50 பை 5 டாலர். ஒண்ணு 10 சென்ட். அஞ்சுல ஒண்ணு கிழியறதால 13 சென்ட்.
- நூல்: ஒரு கண்டு 80 சென்ட். அஞ்சாறு விளக்குக்கு வரும். ரெண்டாவது கலரையும் சேர்த்து 20 சென்ட்.
- டிரேசிங் பேப்பர், டேப், பசை: 7 சென்ட்.
- எல்இடி விளக்கு: 24 விளக்கு 12 டாலர். ஒண்ணு 50 சென்ட்.

மொத்தம் 90 சென்ட். விலை 8 டாலர். "ஒரு விளக்குக்கு 7 டாலர் 10 சென்ட் லாபம்க்கா. 40-க்கு 284 டாலர்!"

கிழியற பையைக்கூடச் சேர்த்திருந்தா பாருங்க, எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். நம்ம ஊர்ல பாதிப் பேர் அந்த வேஸ்டேஜைச் சேர்க்கவே மாட்டாங்க.

ஆனா ஒரு பெரிய செலவு அந்த லிஸ்ட்லயே இல்லை. அவளோட நேரம்.

சிஏ போட்ட கணக்கு

போன்ல டைமரை ஆன் பண்ணி ஒரு விளக்கு செய்யச் சொன்னேன். ஆர்டர் வந்த டிசைன் வலை இல்ல. நிலா, அதுக்கு முன்னாடி காஞ்ச மரம், கிளையில ஒரு பேய். நெருக்கமான தையல்.

வரைய 10 நிமிஷம். குத்த 15. தைக்க 55. ஒட்டி மடிச்சு முடிக்க 10. ஆக மொத்தம் 90 நிமிஷம்.

40 விளக்குன்னா 60 மணி நேரம். 284 டாலரை 60-ஆல வகுத்தா மணிக்கு 4 டாலர் 73 சென்ட். நியூ ஜெர்சியில 2025-ல குறைந்தபட்சக் கூலியே பெரும்பாலான வேலைகளுக்கு மணிக்கு 15 டாலர் 49 சென்ட். அவ தன்னையே மூணுல ஒரு பங்கு கூலிக்கு வேலைக்கு வெச்சுக்கிட்டிருந்தா.

"சும்மா இருக்கற நேரம்தானேக்கா"ன்னா.

இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லுவீங்க. ஆபீஸ் முடிஞ்சு வந்து, "டிவி பார்க்கற நேரம்தானே"ன்னு. சும்மா இருக்கற நேரத்தை ஒரு ஆர்டருக்கு இலவசமா கொடுக்கலாம். பத்து ஆர்டர் வந்தா அது சும்மா இருக்கற நேரம் இல்ல, தூக்கம். விலையில உங்க கூலி இல்லன்னா, வேலை அதிகமானப்ப உதவிக்கு ஒரு ஆளைக்கூட வெச்சுக்க முடியாது. ஏன்னா அந்த ஆள் 4 டாலர் 73 சென்ட்டுக்கு வர மாட்டார்.

சரி, மணிக்கு 15.49 டாலர் கிடைக்கணும்னா என்ன விலை வைக்கணும்? ஒன்றரை மணி நேரத்துக்கு 23.24 டாலர், பொருள் 90 சென்ட். மொத்தம் 24.14 டாலர். ஒரு ராத்திரி எரிஞ்சு குப்பைக்குப் போற காகிதப் பைக்கு யாரு 24 டாலர் தருவா? ரொம்ப சில பேர்தான்.

விலையை ஏத்த முடியாதா? நேரத்தைக் குறை

இங்கதான் காஸ்டிங் சுவாரசியமாகுது. பொருள் செலவுல என்ன பிடிச்சாலும் பத்து சென்ட்தான் மிச்சம். நேரத்துல 55 நிமிஷம் உட்கார்ந்திருக்கு. எது பெருசோ அங்க கை வைங்க.

நாங்க மூணு மாத்தம் செஞ்சோம். டிசைனை நெருக்கமான மரத்துல இருந்து சிலந்தி வலைக்கு மாத்தினோம். ஒவ்வொரு தடவையும் வரையாம, தடிமனான அட்டையில ஒரே அச்சு செஞ்சு அதன் வழியாவே குத்தினோம். ஒரு பையை முழுசா முடிச்சுட்டு அடுத்ததை எடுக்காம, பத்துப் பையையும் முதல்ல குத்தி, அப்புறம் பத்தையும் தைச்சு, அப்புறம் பத்தையும் ஒட்டினோம்.

ஒரு விளக்குக்கு 35 நிமிஷம் ஆச்சு. அதே 8 டாலர், அதே 90 சென்ட். ஆனா இப்ப மணிக்கு 12 டாலர் 17 சென்ட். விலையை ஒரு பைசா ஏத்தாம சம்பாத்தியம் ரெண்டரை மடங்கு. 10 டாலர்னு விலை வெச்சிருந்தா அந்த 2025 குறைந்தபட்சக் கூலியைத் தாண்டியிருக்கும்.

ஆன்லைன்ல வித்தா?

"எட்ஸியில போடலாமே"ன்னு கேட்பீங்க. 90 நிமிஷ விளக்கையே எடுத்துக்கலாம். அமெரிக்க விற்பனையாளருக்கு எட்ஸி எடுக்கறது: லிஸ்ட் பண்ண 20 சென்ட், விற்பனைத் தொகையில 6.5 சதவீதம், பணம் வாங்கித் தர 3 சதவீதமும் 25 சென்ட்டும். தபால் செலவு 5 டாலர், அட்டை உறை 1 டாலர்னு வெச்சுக்கோங்க. அப்ப 24.14 டாலர் கைக்கு வரணும்னா, தபாலோட சேர்த்து 33 டாலர் 80 சென்ட்னு விலை போடணும். வாடிக்கையாளர் எட்ஸி வெளிய போட்ட விளம்பரம் வழியா வந்திருந்தா, சின்னக் கடைக்கு இன்னும் 15 சதவீதம் போகும். அதுவே 5 டாலருக்கு மேல.

இன்னொண்ணு, இது சீசன் சரக்கு. நவம்பர் 1-ஆம் தேதி பேய் விளக்கு யாருக்கும் வேண்டாம். 40 செஞ்சு 30 வித்தா, மிச்சம் 10-க்கான செலவையும் அந்த 30தான் தாங்கணும். ஒரு விளக்கோட அடக்க விலை மூணுல ஒரு பங்கு ஏறிடும். நம்ம ஊர்ல தீபாவளிக்கு அகல் விளக்கு பெயின்ட் பண்றவங்களுக்கும், பொங்கலுக்குப் பானை பெயின்ட் பண்றவங்களுக்கும் இதே கணக்குதான்.

நான் கேட்க மறந்த கேள்வி

மூணாவது நாள் ராத்திரி சாப்பிடறப்ப அவ வீட்டுக்காரர் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு இஏடி வேணாமா?"

எனக்குக் கையில இருந்த தோசை அப்படியே நின்னுடுச்சு.

எச்-4 விசாவுல இருக்கறவங்க வேலை செய்யணும்னா இஏடின்னு ஒரு வேலை அனுமதி அட்டை வேணும். 2015 மே 26-ல இருந்துதான் சில எச்-4 கணவன், மனைவிகளுக்கு அது கிடைக்குது. பொதுவா, எச்-1பில இருக்கறவருக்கு ஐ-140ங்கற கிரீன் கார்டு மனு அப்ரூவ் ஆகியிருக்கணும், இல்ல ஆறு வருஷத்தைத் தாண்டி எச்-1பி நீட்டிப்பு கிடைச்சிருக்கணும். இவங்க கேஸ்ல ரெண்டும் இல்லை. "வேலை"ன்னா ஆபீஸ் வேலை மட்டும் இல்ல. சொந்தமா செஞ்சு விக்கறதும் அதுல அடங்கும்.

ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட அரை மணி நேரம் பேசினோம். கட்டணம் 150 டாலர். வராத 284 டாலர் லாபத்துல பாதிக்கு மேல அங்கயே போச்சு. அவர் சொன்னதுல மூணு விஷயம் உங்களுக்கும் உதவும், குறிப்பா ஆன்சைட் போற கனவுல இருக்கறவங்களுக்கு.

முதல் விஷயம், "வரி கட்டிட்டா சரியாயிடும்"ங்கறது தப்பு. அமெரிக்காவுல சொந்தத் தொழில்ல நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாத்தான் சுயதொழில் வரி வரும். அதுக்குக் கீழ இருந்தாலும் வருமானத்தைக் காட்டத்தான் வேணும். ஆனா வரி வேற, அனுமதி வேற. ஒண்ணைக் கட்டினா இன்னொண்ணு கிடைச்சிடாது. அனுமதி இல்லாம செஞ்ச வேலை பின்னாடி கிரீன் கார்டு விண்ணப்பத்துல தலைவலி ஆகலாம்.

ரெண்டாவது, பக்கத்து பிளாக் அம்மா பாவம், "காசு வேண்டாம்னா கிஃப்ட் கார்டா தரேன்"னாங்க. வேலைக்குப் பதிலா வாங்கற எதுவும் கூலிதான்னு வக்கீல் சொல்லிட்டார். கார்டா இருந்தாலும் சரி, அரிசி மூட்டையா இருந்தாலும் சரி.

மூணாவது, "வீட்டுக்காரர் பேர்ல வித்துடலாமே"ங்கற குறுக்கு வழி. எச்-1பி இருக்கறவர் தன்னை ஸ்பான்சர் பண்ணின கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். அவர் பேர்ல பண்ணினா ஒருத்தர் பிரச்சனை ரெண்டு பேர் பிரச்சனை ஆகும்.

நானோ சுற்றுலா விசாவுல போனவ. அந்த ஆர்டருக்கு நான் உட்கார்ந்து நாலு பை தைச்சுக் கொடுத்திருந்தாலும் அது எனக்கும் சிக்கல்தான். அதுக்காகத்தான் அந்த ஒரு மாசம் சேனல்ல வீடியோவும் போடல. எங்க போனீங்கன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

செப்டம்பர்ல போன்ல "ஒத்துக்கோ"ன்னு சொன்னது நான். யாராவது கிளையன்ட் இதே கேள்வியைக் கேட்டிருந்தா முதல்ல "என்ன விசா?"ன்னு கேட்டிருப்பேன். தங்கச்சிங்கறதால, சந்தோஷத்துல கேட்கல. சொந்தக்காரங்களுக்குச் சொல்ற ஃப்ரீ அட்வைஸ்லதான் நாம ரொம்ப கவனமா இருக்கணும்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஆர்டர் வேண்டாம்னு சொல்லிட்டா. அந்த அம்மாகிட்ட உண்மையான காரணத்தையே சொன்னா. அன்னைக்கு முழுக்க அவ முகம் வாடித்தான் இருந்தது. ராத்திரி பாத்திரம் தேய்க்கறப்ப சொன்னா, "320 டாலர் பெருசு இல்லக்கா. நூல் வாங்கக்கூட அவர் கார்டைத்தான் தேய்க்கறேன். ஒரு தடவையாவது என் காசுல வாங்கலாம்னு பார்த்தேன்."

இதுக்கு என்கிட்ட சட்டெனச் சொல்ல பதில் இல்லை. மறுநாள் மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். வீட்டு பட்ஜெட்ல இருந்து மாசம் 200 டாலர் அவ பேர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்குத் தானாவே போற மாதிரி அவ வீட்டுக்காரர் செட் பண்ணினார். எதுக்கு செலவு பண்ணினேன்னு அவ சொல்ல வேண்டியதில்ல, அவரும் கேட்க வேண்டியதில்ல. கேட்டு வாங்கற காசுக்கும் மாசம் தவறாம வர்ற காசுக்கும் தொகையில வித்தியாசம் இல்ல, மரியாதையில இருக்கு. ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கற வீடு உங்க வீடுன்னா, இதை இந்த மாசமே செய்யுங்க. விசா தேவையில்லை.

விளக்கு? விக்கத்தானே கூடாது. பொழுதுபோக்கா நண்பர்களோட சேர்ந்து, எதையும் வாங்கிக்காம செய்யறதுல தடையில்லைன்னு வக்கீல்கிட்ட கேட்டுக்கிட்டோம். ஒரு ஞாயித்துக்கிழமை அப்பார்ட்மென்ட் பொது அறையில பன்னிரண்டு பேர் வந்தாங்க. அவங்கவங்க பை, அவங்கவங்க நூல். எங்க அச்சு அட்டை மட்டும் கை மாறிக்கிட்டே இருந்தது. தீபாவளி முடிஞ்ச கையோட நடந்ததால, மிச்சம் இருந்த முறுக்கும் தீர்ந்தது.

31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடைபாதை ஓரம் வரிசையா விளக்கு. காத்துல ரெண்டு விழுந்துது. ரெண்டும் நான் வெச்சது, மணலைக் கம்மியா போட்டிருந்தேன். பேய் வேஷம் போட்ட ஒரு குட்டிப் பையன் வலையில தெரிஞ்ச வெளிச்சப் புள்ளிகளை விரல் வெச்சு எண்ணிக்கிட்டிருந்தான். என் தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து, "33 இருக்கும், சரியா பாரு"ன்னா.

ஐ-140 மனு போட்டிருக்காங்க. நோட்டு பத்திரமா இருக்கு. அனுமதி வர்ற அன்னைக்கு அவளுக்கு அடக்க விலை தெரியும், 35 நிமிஷத்துல முடிக்கவும் தெரியும். அந்த 60 மணி நேரப் பாடத்தை அவ கடனுக்குக் கத்துக்க வேண்டியதில்லை.

இதை உங்க வேலைக்கு எப்படிப் பொருத்தறது?

நீங்க சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ சம்பளத்துக்கு வேலை பார்க்கறீங்க, சாயங்காலம் ஏதோ செஞ்சு விக்கப் போறீங்கன்னா, வரிசை இதுதான்.

*முதல்ல அனுமதி.* உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வேற வேலை அல்லது தொழில் செய்யறது பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. நிறைய கம்பெனிகள்ல முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கணும்னு இருக்கும். எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, பதிலைச் சேமிச்சு வைங்க. காபி மெஷின் பக்கத்துல மேனேஜர் "பரவால்லப்பா"ன்னு சொன்னது அனுமதி ஆகாது.

*அப்புறம் காஸ்டிங்.* நோட்டுல ஆறு வரி போதும்: பொருள், வேஸ்டேஜ், உங்க நேரம், பேக்கிங்கும் கூரியரும், தளத்தோட கட்டணம், விக்காம மிஞ்சற சரக்கு. உங்க ஒரு மணி நேரத்துக்கு என்ன விலைன்னு தெரியலையா? மாசக் கைச்சம்பளத்தை மாசம் வேலை செய்யற மணி நேரத்தால வகுங்க. கைக்கு 36,000 ரூபாய், 180 மணி நேரம்னா மணிக்கு 200 ரூபாய். சைடு வேலை அதுக்குக் கீழ கொடுத்தா, அதைப் பிடிச்சுச் செய்யுங்க, ஆனா வருமானம்னு நினைச்சு வேலையை விட்டுடாதீங்க.

*கடைசியா வரி.* செஞ்சு வித்த பணம் பிசினஸ் வருமானம். ஃப்ரெண்ட் ஜிபே பண்ணினதால அது கிஃப்ட் ஆகாது. பிசினஸ் வருமானம் வந்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது. முழுக் கணக்கு வெச்சா ஐடிஆர்-3. தகுதி இருந்து பிரசம்ப்டிவ் முறையில போனா ஐடிஆர்-4. அந்த முறையில டிஜிட்டலா வந்த விற்பனையில குறைஞ்சது 6 சதவீதமும், ரொக்கமா வந்ததுல 8 சதவீதமும் லாபமா காட்டணும். ஜிஎஸ்டி எப்ப தேவை, எப்ப வேண்டாங்கறது ஆன்லைன்ல விக்கறவங்களுக்குக் கொஞ்சம் சுத்தலான விஷயம், அதைத் தனி வீடியோவா போடறேன்.

இந்த வார ஹோம்வொர்க்

நீங்க செய்யற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கோங்க. கேக்கோ, கம்மலோ, கொலு பொம்மையோ. போன்ல டைமர் வெச்சு ஒண்ணு செஞ்சு முடிங்க. ஆறு வரியையும் நிரப்புங்க. நீங்க இப்ப வாங்கற விலையில மணிக்கு என்ன கிடைக்குதுன்னு பாருங்க. நம்பர் கம்மியா வந்தா மனசு உடைய வேண்டாம். எந்த வேலை அதிக நேரம் தின்னுதுன்னு அதே நோட்டு காட்டிக் கொடுத்துடும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. இங்க நான் எழுதின விசா விஷயங்கள் எங்க வீட்டுக் கேஸுக்கு நாங்க கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. விதிகள் மாறும், ஒவ்வொருத்தர் நிலைமையும் வேற. அமெரிக்காவுல இருக்கறவங்க ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க. 150 டாலர் அப்ப எங்களுக்கு வலிச்சுது. இப்ப யோசிச்சா, அந்த மாசம் நாங்க செஞ்ச உருப்படியான செலவு அதுதான்.

அடுத்த வீடியோல சந்திப்போம்.